பொன் பூச்சும் ஈரத் தானியமும்

உங்கள் இல்லத்துக் கைப்பேசியினுள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் செம்பு, காற்றுப் பட்டால் களிம்பேறும். களிம்பேறிய செம்பில் சால்டர் ஒட்டாது. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதுபோல் அதற்கும் ஒரு மேற்பூச்சு வேண்டும்.

உருகிய சால்டரில் தோய்த்து, வெப்பக் காற்றால் வழித்தெடுப்பது மலிவு. ஆயினும் பரப்பு மேடுபள்ளமாகும். கரிமப் பூச்சு சமமானது. விரல் பட்டால் கெடும். வெள்ளி, கந்தகக் காற்றில் கறுக்கும். நிக்கலின் மேல் தங்கம் பூசுவது சமமாகவும் நீடித்தும் நிற்கும், விலைதான் அதிகம்.

அத்தங்கம் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் குறைந்த கனமே உடையது. பூச்சுக் கரைசலின் கட்டுப்பாடு தவறினால் அடியிலுள்ள நிக்கல் அரிக்கப்பட்டுக் கறுத்துவிடும். மேலே பொன் மின்னுவதால் கண் அதனைக் காணாது. இணைப்பும் முதற் சோதனையில் தேறிவிடும்; பின்னர் சிறு அதிர்விலேயே பிளக்கும். பிளந்த இடம் தட்டையாய், கருமையாய் இருந்தால் குற்றம் பற்றவைத்த தொழிலாளியின் கையில் இல்லை. மீண்டும் சூடுகாட்டுவதும் மருந்தாகாது. அதே தொகுதிப் பலகைகள் அனைத்தையும் ஒதுக்கிச் சோதிப்பதே நேர்வழி.

"தேறியதுதானே, அனுப்பிவிடலாம்" என்று இழப்புக்கு அஞ்சும் நெஞ்சம் தூண்டும். அப்பலகை நோயாளியின் உயிர் காக்கும் கருவியில் அமர்ந்தால் என்னாகும்? மேலே உலர்ந்து, உள்ளே நனைந்திருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். பொன் பூச்சைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத் தானியமே நினைவுக்கு வருகிறது.

இத்துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லி வையுங்கள். கண் காணாத இடத்திலும் குறையற்ற வேலைக்குக் கிடைப்பதே ஹலாலான ஊதியம். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.