800 கிலோமீட்டர், ஒரு மாதம்

பாரிஸிலிருந்து மார்சேய்க்குக் காரில் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஏறத்தாழ 800 கிலோமீட்டர். நல்ல அகலமான நெடுஞ்சாலை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் கடலைப் பார்த்துவிடலாம். 1982-இல் ஒரு கணவனும் மனைவியும் இதே தூரத்தைக் கடக்க ஒரு மாதத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். வண்டி பழுதாகவில்லை, வழியும் தப்பவில்லை. வேண்டுமென்றேதான் அப்படிப் போனார்கள்!

கணவர் ஹூலியோ கொர்த்தஸார். அர்ஜென்டினாவின் பெரிய எழுத்தாளர், 1951 முதல் பாரிஸ்வாசி. அத்தியாயங்களை வரிசை மாற்றியும் வாசிக்கலாம் என்று 1963-இல் 'ராயுவேலா' என்ற நாவலை எழுதி வாசகர்களைப் பாண்டி விளையாட வைத்தவர். அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' படம் இவருடைய சிறுகதை ஒன்றிலிருந்து வந்ததுதான். மனைவி கரோல் டன்லப், அமெரிக்காவில் பிறந்து கனடாவில் வாழ்ந்தவர். எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர். பயணத்தின்போது அவருக்கு 67 வயது, கரோலுக்கு 36. ஒருவரையொருவர் 'ஓநாய்', 'கரடிக்குட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய சிவப்பு வோக்ஸ்வாகன் கோம்பி வேனுக்கும் ஒரு பெயர் உண்டு: ஃபாஃப்னர். வாக்னரின் இசை நாடகத்தில் புதையலைக் காத்துக்கொண்டு படுத்திருக்கும் டிராகனின் பெயர். இந்த வேனில் புதையல் என்று பார்த்தால் இரண்டு டைப்ரைட்டர், கொஞ்சம் டின் உணவு, இரண்டு மடக்கு நாற்காலி. அந்த நாற்காலித் துணியின் பூ டிசைன் அவ்வளவு கண்றாவியாக இருந்ததால் அவற்றுக்கும் 'பூப்போட்ட பயங்கரங்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பயணத்துக்கு அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் எளிமையானவை. மார்சேய் வரும்வரை நெடுஞ்சாலையை விட்டு வெளியே இறங்கக் கூடாது. வழியில் வரும் ஒவ்வொரு பார்க்கிங்கிலும் (அதாவது வண்டியை ஓரங்கட்டி இளைப்பாறச் சாலைக்காரர்களே கட்டி வைத்திருக்கும் இடம்) நிறுத்தியே தீர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பார்க்கிங், அதற்கு மேல் கிடையாது. இரண்டாவதில்தான் இரவு தங்க வேண்டும். மொத்தம் 65 பார்க்கிங் இருந்தன. பார்த்ததையெல்லாம் பழைய கடலோடிகள் நாட்குறிப்பு எழுதிய பாணியில் படு சீரியஸாக எழுதி வைக்க வேண்டும், அது பிறகு புத்தகமாக வர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் சாலை நிறுவனத்தின் இயக்குநருக்கு ஒரு கடிதமும் போட்டார்கள். இரண்டு நாளுக்கு மேல் நெடுஞ்சாலையிலேயே தங்கியிருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே, இலக்கிய நோக்கத்துக்காக எங்களுக்கு விதிவிலக்கு தர முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. இப்படி ஒரு கடிதம் எந்த ஃபைலில் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும், பாவம். பதிலுக்குக் காத்திராமல் மே 23-ஆம் தேதி கிளம்பிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதிலுள்ள குறும்பு இன்னும் நன்றாகப் புரியும். 800 கிலோமீட்டரை 32 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர். அந்தச் சாலையில் அது இருபது நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம். மிச்ச நேரம் முழுக்க ஏதோ ஒரு பார்க்கிங் மரத்தடியில். டோல் சாலையின் வியாபாரமே நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதுதான். காசு கொடு, சீக்கிரம் போ. பாரிஸிலிருந்து மார்சேய் வரை இடைவெளியில்லாமல் இந்த நெடுஞ்சாலை முழுமை அடைந்தது 1970-இல். அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து இவர்கள் வந்து, காசைக் கொடுத்துவிட்டு சரக்கை வாங்காமலே போகிறார்கள். டோல் வாங்குவது தூரத்துக்குத்தானே தவிர நேரத்துக்கு இல்லை. அதனால் சாலைக்காரர்களுக்கு நஷ்டமும் கிடையாது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இதே நெடுஞ்சாலையை வைத்து கொர்த்தஸார் 1966-இலேயே ஒரு சிறுகதை வெளியிட்டிருந்தார், 'தெற்கு நெடுஞ்சாலை' என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பாரிஸுக்குத் திரும்பும் கார்கள் நெரிசலில் மாட்டிக்கொள்கின்றன. ஒரு மணி நேரம் ஒரு நாளாகிறது, நாட்கள் நீண்டுகொண்டே போகின்றன. வெயில் போய்ப் பனி கொட்டுகிறது. யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் அவரவர் கார் மாடலின் பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள். தண்ணீரைப் பங்கு போடுகிறார்கள், நோயாளிக்கு ஒரு காரை ஒதுக்குகிறார்கள், மரணமும் நடக்கிறது. பெஷோ 404-இல் வந்த இன்ஜினியருக்கும் டோஃபீன் காரில் வந்த பெண்ணுக்கும் காதல் பிறக்கிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று நெரிசல் விலகுகிறது. எல்லோரும் காத்திருந்தது அதற்காகத்தான். ஆனால் ஒரு வரிசை வேகமாகவும் ஒரு வரிசை மெதுவாகவும் நகர, அந்தப் பெண்ணின் கார் இன்ஜினியரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பிரேக் போட்டு நிற்கவும் வழியில்லை, பின்னால் அத்தனை வண்டிகள். சாலை நின்றிருந்தபோது இருந்த எல்லாமே, அது ஓட ஆரம்பித்ததும் தொலைந்துபோகிறது.

அந்தக் கதையை எழுதியவர்தான் பதினாறு வருடம் கழித்து அதே பாதைக்கு ஒரு வேனை ஓட்டிக்கொண்டு வந்து, எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போகிறார்.

முந்தின வருடம், 1981 ஆகஸ்டில், தென் பிரான்ஸில் இருந்தபோது வயிற்றில் ரத்தப்போக்கு ஏற்பட்டு கொர்த்தஸார் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பிழைத்ததே பெரிய விஷயம். இந்தப் பயணத் திட்டம் அதற்கும் முன்பே போட்டது, பல காரணங்களால் தள்ளிக்கொண்டே வந்தது. 1982 வசந்தத்தில் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அவர்கள் முடிவெடுத்ததில் அந்த மருத்துவமனை நாட்களுக்கும் பங்கிருக்க வேண்டும்.

புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதை ஒரு சோகக் காதல் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. முக்கால்வாசிப் பக்கங்களில் இருப்பது சுத்தமான அசட்டுத்தனம்! காலையில் என்ன சாப்பிட்டோம், வெப்பநிலை எவ்வளவு, ஃபாஃப்னரின் மூக்கு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கப்பல் கேப்டன் மாதிரி குறிப்புகள். பக்கத்தில் வந்து நிற்கும் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்து எந்த நாடு என்று ஆராய்ச்சி. குப்பைத்தொட்டி, மேஜை, எறும்பு, மரம் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானக் குறிப்பு. தங்களை யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று ஒரு கற்பனை. கொர்த்தஸாரின் பழைய நாவலிலிருந்து காலாக், போலாங்கோ என்ற இரண்டு பாத்திரங்கள் நேரில் வந்து வம்பளந்துவிட்டுப் போகிறார்கள். இடையிடையே ஒரு அம்மா தன் மகனுக்கு எழுதுவதாகச் சில கற்பனைக் கடிதங்கள். அந்த அம்மா எப்போது இந்தச் சாலையில் போனாலும், வேறு வேறு பார்க்கிங்கில் அதே சிவப்பு வேனும் அதே விசித்திர ஜோடியும் கண்ணில் படுகிறார்கள். யார் இவர்கள், இங்கே என்ன செய்கிறார்கள் என்று அவருக்கு மண்டை குடைகிறது. தங்களை அடுத்தவர் கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இருக்க முடியாது.

சாப்பாட்டுப் பிரச்சினைக்கு நண்பர்கள் இருந்தார்கள். முன்பே பேசி வைத்தபடி வழியில் வந்து பழமும் காய்கறியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நெடுஞ்சாலையோரமே இருக்கும் உணவகத்தில் சாப்பிடவும், ஹோட்டல் இருந்தால் தங்கவும் விதியில் இடம் உண்டு. (குளிக்க வேண்டுமே!)

அந்த மாதத்தில் வெளியுலகம் சும்மா இருக்கவில்லை. ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் போட்ட சண்டை ஜூன் 14-இல் அர்ஜென்டினாவின் தோல்வியோடு முடிந்தது. அவருடைய சொந்த நாடு, அவர் எதிர்த்து வந்த ராணுவ ஆட்சி. அதற்கு முந்தின நாள்தான் ஸ்பெயினில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கியது, நடப்புச் சாம்பியனும் அதே அர்ஜென்டினா. இவர்களுடைய உலகமோ தினமும் 25 கிலோமீட்டர்.

லியோனைத் தாண்டிய பிறகு சாலை ரோன் நதியோடு சேர்ந்து தெற்கே இறங்குகிறது. வியென், வலான்ஸ், நூகா மிட்டாய்க்குப் பேர்போன மோன்தெலிமார், ரோமானியர் கட்டிய வளைவும் அரங்கமும் உள்ள ஒரான்ஜ். எல்லாமே பெயர்ப்பலகைகளாக மட்டும்தான் அவர்களுக்கு. இறங்கிப் பார்க்க விதி இடம் கொடுக்காது. இரண்டாயிரம் வருடப் பழைய அரங்கத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, அடுத்த பார்க்கிங்கின் கழிவறை எப்படியிருக்கும் என்று ஆவலோடு போகிறவர்களை என்ன சொல்வது! ஒரான்ஜுக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஸ்பெயின் போகும் வண்டிகள் வலப்பக்கம் விலகிவிடும், மார்சேய் போகிறவை நேராகப் போகும். அதற்குப் பிறகு மிச்சம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்.

ஒரு மாதமாக மனதில் இல்லாத எண்ணிக்கை அப்போதுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் பார்க்கிங்கில் நிற்கும்போது 65 என்பது முடிவில்லாத எண். ஐந்தோ ஆறோ பாக்கி என்றாகும்போது, இரண்டு இரண்டாகக் கழிப்பது வேறு மாதிரி இருக்கும். விதியை வகுத்தது அவர்களேதான். நினைத்திருந்தால் நாளைக்கு ஒன்று என்று மாற்றி இன்னும் சில நாள் நீட்டியிருக்கலாம், கேட்க ஆளில்லை. மாற்றவில்லை. விளையாட்டை சீரியஸாக எடுத்துக்கொள்பவர்கள் நடுவில் ஆட்டத்தைக் கலைப்பதில்லை போலும்.

இந்தக் கடைசி நாட்களைப் பற்றிப் பின்னர் கொர்த்தஸார் எழுதும்போது வெற்றிக் களிப்பு துளியும் இல்லை. மார்சேய்க்கு இரண்டு நாள் முன்பு, ஒரு பார்க்கிங்கில், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோதே துக்கம் வந்துவிட்டதாகச் சொல்கிறார். பயணம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று கரோல் வருந்தியிருக்கிறார். எட்டு மணி நேரப் பாதையை ஒரு மாதமாக இழுத்த பிறகு சொன்ன பேச்சு இது. அதற்குப் பிறகு நெடுஞ்சாலை முடிகிறது என்ற பலகை கண்ணில் பட்டதும் வேனுக்குள் பேச்சு நின்றுபோனது. ஜூன் 23, மார்சேய். பழைய துறைமுகம், படகுகள், கூட்டம். மற்றவர்கள் அங்கே போய்ச் சேருவதற்காகத்தான் அந்தச் சாலையில் ஏறுகிறார்கள்.

அதன் பிறகு எல்லாமே வேகம். இருவரும் நிகராகுவா போனார்கள். அங்கே நடந்துகொண்டிருந்த சான்டினிஸ்டா புரட்சியின் ஆதரவாளர்கள் அவர்கள். கரோல் படம் எடுத்தார், அவர் கட்டுரைகள் எழுதினார். அங்கேதான் கரோலுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தானாகச் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாரிஸ் திரும்பினார்கள், சிகிச்சை நடந்தது. 1982 நவம்பர் 2-ஆம் தேதி கரோல் இறந்துபோனார். மார்சேய் துறைமுகத்தில் வேனை நிறுத்தி நாலரை மாதம்கூட ஆகவில்லை.

பயந்திருந்தது அவருக்காக, போனது இவர்.

புத்தகம் பாதியில் கிடந்தது. கரோல் பிரெஞ்சில் எழுதுவார், கொர்த்தஸார் ஸ்பானிஷில். மனைவி எழுதி வைத்த பக்கங்களை உட்கார்ந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்த்தது அவர்தான். மொழிபெயர்ப்பு என்பது ஒரு வாக்கியத்தில் எவ்வளவு நேரம் தங்க முடியுமோ அவ்வளவு நேரம் தங்கும் வேலை. தங்கியிருக்கிறார். கரோலின் மகன் அவர்களுடைய குறிப்புகளை வைத்துப் பார்க்கிங்குகளுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தான். கரோல் எடுத்த படங்கள், எறும்பு ஆராய்ச்சி, அந்த அம்மாவின் கடிதங்கள், ஓநாய், கரடிக்குட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. துக்கத்துக்கு ஏற்றபடி அவர் எதையும் திருத்தவில்லை. 1982 டிசம்பர் என்று தேதியிட்ட ஒரு பின்குறிப்பை மட்டும் கடைசியில் சேர்த்தார். அதில்தான் வாசகருக்குச் செய்தியைச் சொல்கிறார்.

'லோஸ் ஆட்டோநவ்தாஸ் தெ லா கொஸ்மோபிஸ்தா' 1983-இல் வெளிவந்தது. ஸ்பானிஷ், பிரெஞ்சுப் பதிப்புகளின் ராயல்டி முழுவதையும் நிகராகுவா மக்களுக்கு எழுதி வைத்துவிட்டார். 1984 பிப்ரவரி 12-இல் கொர்த்தஸாரும் காலமானார். பாரிஸின் மோன்பர்னாஸ் மயானத்தில் கரோலின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

ஆங்கிலத்தில் 2007-இல் ஆன் மெக்லீன் மொழிபெயர்ப்பில் வந்திருக்கிறது. கையில் கிடைத்தால் தயவுசெய்து பின்குறிப்பை முதலில் புரட்டாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பார்க்கிங் வீதம் படித்துப் பாருங்கள்.