பொங்குமாங்கடல்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்துவிட்டால் தென்காசியில் துணி உலராது, தீப்பெட்டி நமுத்துப்போகும். ஆயினும் எங்களூரில் அதற்காக ஒருவரும் சலித்துக்கொள்வதில்லை. மழையென்று சொல்ல முடியாத, இளவெயிலோடு கலந்து வரும் அந்தச் சாரலை முகத்தில் ஏந்தியபடி காலைத் திருப்பலிக்கு நடப்பதே எனக்குப் பாதிச் செபம்.

குற்றாலம் 5 கிலோமீட்டர் தொலைவுதான். சிறுவயதில் அப்பா என்னைச் சைக்கிளில் அழைத்துச் செல்வார். பேரருவி நேராகத் தரையில் வந்து விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழிவில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே நம் தலைமேல் இறங்குகிறது. "அந்தப் பள்ளம் மட்டும் இல்லேன்னா கீழ ஒருத்தரும் நிக்க முடியாதுல. நமக்காவத்தான் ஆண்டவர் அதத் தோண்டி வச்சிருக்கார்" என்பார் அப்பா. பிற்காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் இறைப்பராமரிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் நான் இந்தப் பள்ளத்தையே காட்டினேன். அதைவிடச் சிறந்த விளக்கம் எந்த நூலிலும் எனக்குக் கிட்டவில்லை.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. மலையில் பெய்த கோடைமழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

இரண்டு நாள் கழித்துத் தூய ஆவியாரின் வருகைப் பெருவிழா. பதிலுரைப்பாடல் வாசிக்கும் முறை அன்று என்னுடையது. திருப்பாடல் 104, படைப்பையெல்லாம் வியந்து போற்றும் பாடல். ஆண்டுதோறும் எங்கள் சாரலை எண்ணிக்கொண்டே அதை வாசிப்பது என் வழக்கம். அன்று நடுவில் நா எழவில்லை. இறைவன் மூச்சை எடுத்துக்கொண்டால் உயிர்கள் மாண்டு புழுதிக்குத் திரும்பும் என்று சொல்லும் இடம் அது. அதை அடுத்தே, அவர் தம் ஆவியை அனுப்பி மண்ணுலகின் முகத்தைப் புதுப்பிப்பதும் வருகிறது. இத்தனை ஆண்டுகளும் முன்னதைக் காதில் வாங்காமலே பின்னதற்கு விரைந்திருக்கிறேன். பேரருவியில் நமக்கு ஒரு பள்ளம் வைத்தவர், அந்தப் பிள்ளைக்கு ஏன் வைக்கவில்லை? பங்கில் எவரிடமும் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே ஒரு பதில் வந்திருக்கும். அந்த அவசரப் பதிலுக்கே அஞ்சினேன்.

அசிசியின் புனித பிரான்சிஸ் 1225-இல், கண்ணொளி மங்கி நோயுற்றுக் கிடந்தபோதுதான் படைப்புகளின் பாடலை இயற்றினார். அதில் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்தார். மறு ஆண்டு, தாம் இறக்குமுன், சாவையும் சகோதரி என்றழைத்து ஒரு பகுதியைச் சேர்த்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல் தன் பெயரை எடுத்துக்கொண்டது இப்பாடலிலிருந்துதான். இரண்டு சகோதரிகளையும் நான் சேர்த்து அழைத்துப் பார்க்கிறேன். முதற்பெயர் எளிதாக வருகிறது. மற்றது இன்னும் என் நாவுக்கு வசப்படவில்லை.

அவ்வாண்டு சாரல் வழக்கம்போல் வந்தது. தடை விலகியிருந்த ஒரு காலையில் பேரனைப் பேரருவிக்கு அழைத்துச் சென்றேன். எண்ணெய் தேய்த்த உடம்போடு அண்ணாந்து பார்த்தவன், "தாத்தா, தண்ணி அங்க எதுக்கு நின்னு நின்னு வருது?" என்றான். அப்பா சொன்ன சொற்கள் வாய்வரை வந்தன. "அங்க ஒரு பள்ளம் இருக்குய்யா" என்று மட்டும் சொல்லி, அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு அருவிக்குள் நுழைந்தேன்.