டேலிக்கு எக்ஸ்.எம்.எல். அனுப்பும் நிரலர்களுக்குச் சில குறிப்புகள்

கடையில் பில் போட ஒரு மென்பொருள். கணக்கு எழுத டேலி. பகல் முழுக்கப் போட்ட பில்களை இரவில் உட்கார்ந்து மறுபடியும் டேலியில் அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு சின்ன நிரல் எழுதும் வேலை நிறையப் பேருக்கு வந்து சேர்கிறது. டேலி எக்ஸ்.எம்.எல்.லை வாங்கிக்கொள்ளும். அமைப்பில் வழி செய்துவிட்டால், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எச்.டி.டி.பி. மூலம் பதிலும் சொல்லும்.

கேட்க எளிதுதான். ஆனால் இங்கே பிழை வந்தால் கடைக்காரர் தவறான தொகைக்கு வரி கட்டுவார். பணம் கொடுத்துவிட்ட வாடிக்கையாளரிடமே போய் பாக்கி கேட்பார். பார்சர் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது.

1. எக்ஸ்.எம்.எல்.லை ஒட்டுப்போட்டு எழுதாதீர்கள்

சரங்களை (+) போட்டு ஒட்டினால் பத்து பில் வரை ஓடும். பதினோராவது பில் "முருகன் & கோ" பெயரில் வரும், அங்கே நின்றுவிடும்! 1998-ல் வந்த எக்ஸ்.எம்.எல். 1.0 விதிப்படி &, < இரண்டையும் உள்ளடக்கத்தில் அப்படியே எழுதக்கூடாது. உங்கள் நிரல்மொழியில் இருக்கும் எக்ஸ்.எம்.எல். நூலகத்திடம் விட்டுவிட்டால் அதுவே மாற்றி எழுதிக்கொள்ளும்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. டேலி தரும் கோப்பில் சில இடங்களில் 4 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறி வரும். எக்ஸ்.எம்.எல். 1.0 அதை அனுமதிப்பதில்லை. கண்டிப்பான பார்சர் அங்கேயே நின்றுவிடும். பார்சரிடம் கொடுக்கும் முன் அந்தக் குறியை மட்டும் நீக்குங்கள்.

2. தமிழ்ப் பெயர்கள்

பழைய பட்டியல்களில் வாடிக்கையாளர் பெயரை பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். பார்சர் ஒன்றும் சொல்லாது, பேரேட்டில் குப்பைதான் ஏறும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். கோப்பின் தலைப்பில் சொல்லும் குறியாக்கமும் உண்மையில் சேமித்த குறியாக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. தேதி

03-04-2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நம் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவதால், மாற்றிப் படித்தால் பில் போன ஆண்டுக் கணக்கில் போய் விழும். டேலி எக்ஸ்.எம்.எல்.லில் தேதி 20250403 என்று எட்டு இலக்கமாகப் போக வேண்டும்.

4. தொகை

மிதவைப் புள்ளி எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பில்லுக்கு ஒரு பைசா இடித்தாலும் பற்றும் வரவும் பொருந்தாது. டெசிமல் வகையில் வையுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். டேலியில் பற்றுத் தொகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

5. 200 வந்தால் வெற்றி இல்லை

எச்.டி.டி.பி. 200 என்றால் கடிதம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். எத்தனை பதிவுகள் உருவாயின, எத்தனை மாறின, எத்தனை பிழை என்பதெல்லாம் பதிலுக்குள் தனித்தனியாக இருக்கும். அதைப் படிக்காத நிரல், பேரேட்டில் இல்லாத பெயருக்கு அனுப்பிய பில்லையும் "முடிந்தது" என்று எழுதிவைக்கும்.

6. மறுபடி அனுப்பும் முன்...

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். ரூ. 5,000 ரசீது ஒன்றை அனுப்புகிறீர்கள். டேலி பதிந்துவிட்டது, ஆனால் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நிரல் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. இப்போது வாடிக்கையாளர் ரூ. 10,000 கட்டியதாகக் கணக்கு!

இருப்பாய்வு காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். காட்டாது. பற்று, வரவு இரண்டும் இரட்டிப்பாகி இருப்பதால் இருபக்கமும் அழகாகப் பொருந்தும். இருப்பாய்வு கண்டுபிடிக்காத பிழைகள் என்று வணிகவியல் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

தீர்வு: ஒவ்வொரு பதிவோடும் பில்லுக்குரிய தனி எண்ணையும் அனுப்புங்கள். பதில் வராத பில்லை "தெரியவில்லை" என்று குறித்துவையுங்கள். அந்த எண் டேலியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

7. இரவில் ஒரு சரிபார்ப்பு

பில் மென்பொருளில் இன்று எத்தனை பில், மொத்தம் எவ்வளவு? டேலியில் எத்தனை, எவ்வளவு? இந்த நான்கு எண்களையும் அருகருகே காட்டும் ஒரு பக்கம் போதும். கடைக்காரரே பார்த்துக்கொள்வார். தொகை மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். ஒரு பில் விடுபட்டு அதே தொகையுள்ள வேறொன்று இருமுறை ஏறினால் மொத்தம் மட்டுமல்ல, எண்ணிக்கையும் பொருந்திவிடும். அதனால் பில் எண்களையும் வரிசையாக ஒப்பிட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. கடைக்காரரின் உண்மையான கணக்கில் சோதனை செய்யாதீர்கள். தனியாக ஒரு கம்பெனி உருவாக்கிப் பாருங்கள். டேலியின் கல்விப் பயன்முறையில் சோதிப்பவர்கள் கவனிக்க: அங்கே 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு ஏறும். ஏப்ரல் 3 ஏறவில்லை என்று இரவெல்லாம் நிரலைக் குடைய வேண்டாம்!