பைலட் மெடிக்கலும் பழைய ஃபைலும்

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. உடான் திட்டத்தில் பெயர் சேர்ந்த நாளிலிருந்து "இதோ வருது, அதோ வருது" என்று ஊரே பேசிய ஓடுதளம் அது. அந்தப் பக்கத்துப் பையன்களில் வருடத்துக்கு ஒருவனாவது பைலட் ஆக வேண்டும் என்று கிளம்பாமல் இருப்பானா? அப்படிக் கிளம்புகிறவன் முதலில் முட்டிக்கொள்வது கணக்கிலோ இங்கிலீஷிலோ அல்ல, பெரும்பாலும் மெடிக்கலில்தான். கண்ணாடி போட்டவன் பைலட் ஆக முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள் (முடியும்). யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மனநல சிகிச்சை எடுத்தவன் பைலட் ஆக முடியுமா?

பேரணாம்பட்டில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா டேனரியில் சூப்பர்வைசர். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல். ப்ளஸ் டூ படிக்கும்போது பையனுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. யாரோ நல்லவர் சொல்லி பாகாயம் அழைத்துப் போனார்கள். அங்கே சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. 1950களில் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கி வைத்தது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்க வேண்டும் என்பது அந்த இடத்தின் பழைய பழக்கம். நம்மூர் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இருக்க முடியாது. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே கிண்டலுக்கு வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது புரியாது, விடுங்கள்.

டிப்ரஷன் என்றார்கள். சில மாதம் மாத்திரை, பிறகு குறைத்து நிறுத்தினார்கள். பையன் தேறி, கல்லூரி முடித்து, நான்கு வருடம் கழித்து பைலட் மெடிக்கல் படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இதற்கு முன் மனநலப் பிரச்சினை ஏதாவது இருந்ததா என்று படிவம் கேட்கிறது. அப்பா சொல்கிறார், "எழுதாதடா, யாருக்குத் தெரியப் போவுது?"

அந்த அப்பாவைத் திட்டுவதற்கு முன் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் விமானப் பயிற்சிக்கு முதலில் கிளாஸ் 2 மெடிக்கல், கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1. கொடுப்பது டிஜிசிஏ. கிளாஸ் 1 பரிசோதனை நடக்கும் பெரிய இடங்களில் ஒன்று பெங்களூரில் உள்ள விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் சில மணி நேரம், அவ்வளவுதான். இந்த விதிகளுக்கெல்லாம் தாய், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் இணைப்பு. அதில் மனநோய்களின் பட்டியல் நீளமாக வருகிறது. ஸ்கிஸோஃப்ரினியா, மனநிலைக் கோளாறு, பதற்றம், போதைப் பழக்கம் என்று. இவற்றின் வரலாறு இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் பட்டியலோடு சேர்த்து ஒரு வரி இருக்கிறது. விமானத்தைப் பாதுகாப்பாக இயக்க முடியாமல் செய்துவிடக் கூடிய அளவில் இருந்தால்தான் தகுதியில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் டிப்ரஷன்காரர்கூட, முழு விவரமும் தெரிந்த மருத்துவ அதிகாரி பாதகமில்லை என்று முடிவு செய்தால் தகுதி பெறலாம் என்று பரிந்துரையும் இருக்கிறது.

ஆக, சட்டப்படி பழைய டிப்ரஷன் என்பது தானாகவே சிவப்பு மை இல்லை. என்ன நோய், ஒரு தடவையா பல தடவையா, மருந்து நிறுத்தி எவ்வளவு காலம், தற்கொலை முயற்சி இருந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவு. சைக்கோசிஸ், பைபோலார் என்றால் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒரே ஒரு டிப்ரஷன், அதுவும் தேறியது என்றால் கதை வேறு. ஆனால் அந்த 'கதை வேறு' என்பதற்குள் தற்காலிகத் தகுதியின்மை, மறு பரிசோதனை, மேல் முறையீடு, மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் அடக்கம். பயிற்சிக்கு அரைக் கோடிக்குக் குறையாமல் ஆகும். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பாங்கில் இருந்தால் அப்பா "எழுதாதடா" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்லும் பெயர் ஜெர்மன்விங்ஸ். 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் போன விமானத்தை துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதினார். அவரோடு சேர்த்து 150 பேர் இறந்தார்கள். "பார்த்தீங்களா, டிப்ரஷன் வந்தவனை ஏத்தினா இப்படித்தான்" என்பது டீக்கடைத் தீர்ப்பு. பிரான்ஸ் விசாரணை அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் விஷயம் தலைகீழ். அவருக்கு 2008-ல் பயிற்சியின்போதே டிப்ரஷன் வந்தது, பயிற்சி நின்றது, சிகிச்சை முடிந்து 2009-ல் திரும்பினார். அவருடைய மெடிக்கல் சர்டிபிகேட்டிலேயே அதற்கான சிறப்புக் குறிப்பு இருந்தது. அதாவது பழையது ஃபைலில் இருந்தது! மறைந்தது 2014 கடைசியில் திரும்பி வந்த நோய்தான். டாக்டர்களிடம் போனார், விடுப்புச் சீட்டும் வாங்கினார், கம்பெனியிடம் கொடுக்கவில்லை. லைசென்ஸ் போய்விடும், பயிற்சிக் கடன் இருக்கிறது என்ற பயத்தை அறிக்கையே பேசுகிறது. பேரணாம்பட்டு அப்பாவின் பயமும் அதேதான், ஊர் மட்டும் வேறு.

இந்தப் பயம் எவ்வளவு பரவலானது? 2016-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பெயர் கேட்காமல் நடத்திய சர்வேயில், மனநலக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன 1,848 விமானிகளில் 12.6 சதவீதம் பேர் டிப்ரஷன் அளவைத் தொட்டிருந்தார்கள். 2022-ல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் பாதிக்கும் மேற்பட்ட விமானிகள், சர்டிபிகேட் போய்விடுமோ என்று ஏதாவது ஒரு வகையில் டாக்டரைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். விமானத்தை ஓட்டுவது டிப்ரஷன் இல்லாத விமானி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் டிப்ரஷனைச் சொல்லாத விமானி என்பதுதான் நிஜம்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். வரக்கூடும், வராமலும் போகலாம் என்கிற பொறுப்பை பாலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் காட்டச் சொல்கிறது கணக்கியல் தரநிலை 29. காட்டினால் கம்பெனியை மூடிவிடுவோம் என்று ஒரு விதி இருந்தால் எந்த ஆடிட்டர் கண்ணிலும் ஒரு அடிக்குறிப்பும் படாது. இன்சூரன்ஸில் மட்டும் இதற்குப் பதில் உண்டு. மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியே செல்லாது. மெடிக்கலும் அப்படித்தான். படிவத்தில் 'இல்லை' என்று எழுதி, பிற்பாடு தெரிய வந்தால் டிப்ரஷன் பின்னால் போய் பொய் முன்னால் வந்து நிற்கும். முதலாவதற்கு வைத்தியம் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை.

சில நாடுகள் வேறு வழியைப் பிடித்தன. ஆஸ்திரேலியா பல வருடமாகவே டிப்ரஷன் மாத்திரை சாப்பிடும் விமானிகளைக் கண்காணிப்போடு பறக்க விட்டது. அவர்களால் விபத்து கூடவில்லை என்று 2007-ல் ஆய்வும் வந்தது. அமெரிக்கா 2010-ல் நான்கு மாத்திரைகளை அனுமதித்தது. ஐரோப்பாவில் 2021 முதல் விமானிகளுக்கு சக விமானிகளே உதவும் அமைப்பு கட்டாயம். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை விட்டது. எல்லா வகை மெடிக்கலிலும் மனநலத்தைப் பரிசோதிக்க வேண்டும், கம்பெனிகள் சக ஊழியர் உதவிக் குழு வைக்க வேண்டும் என்று. 2025 ஜூன் 12 ஆமதாபாத் விபத்துக்கு நான்கு நாள் கழித்து ஏர் இந்தியாவில் 112 விமானிகள் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னதாக மக்களவையில் மந்திரி பதில் சொன்னபோது இந்தச் சுற்றறிக்கையையும் குறிப்பிட்டார். 112 பேர்!

பையனுக்கு ஆதரவாக ஒரு சட்டமும் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3-வது பிரிவு. கடந்த காலத்தில் சிகிச்சை பெற்றதை மட்டுமே வைத்து இன்றைக்கு ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. பழைய சிகிச்சை சம்பந்தமில்லாதது என்று சொல்லவில்லை, அது மட்டுமே போதாது என்கிறது. அந்த 'மட்டுமே' என்ற சொல்லில்தான் பையனின் லைசென்ஸ் தொங்குகிறது.

சரி, அவன் என்னதான் செய்ய வேண்டும்? பாகாயம் போய் பழைய ஃபைலின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். என்ன நோய், எந்த மாத்திரை, எந்தத் தேதியில் நிறுத்தியது, அதன் பிறகு எப்படி இருக்கிறான் என்று அவனைப் பார்த்த டாக்டரிடமே எழுதி வாங்க வேண்டும். கிளாஸ் 2 கிடைத்தவுடன் ஃப்ளையிங் ஸ்கூலுக்கு ஓடாமல் கிளாஸ் 1 வரைக்கும் பார்த்துவிட வேண்டும். வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும். அங்கே தற்காலிகமாக முடியாது என்று சொன்னாலும் நஷ்டம் பெங்களூர் டிக்கெட்டும் பரிசோதனைக் கட்டணமும்தான். அப்பாவிடம் இந்தக் கணக்கை மட்டும் சொன்னால் போதும், டேனரிக்காரருக்கு நஷ்டக் கணக்கு சட்டென்று புரியும்.