களியும் கல்திட்டையும்

மே 9, 2022

மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். இன்று வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

மே 12

ஓசூர் என்றால் சிப்காட், லாரி, ஷிப்டு. கிருஷ்ணகிரி என்றால் டோல்கேட்டும் மாம்பழமும். இங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று இனி யாரும் உதட்டைப் பிதுக்கக் கூடாது. பழைய கல்லைப் பார்க்க வசதியுள்ளவர்கள் மத்தியதரைக் கடலின் மால்ட்டாத் தீவுக்குப் போகிறார்கள். அங்குள்ள பெருங்கற்கோயில்களில் மூத்தவை ஐயாயிரம் ஆண்டைத் தாண்டியவை. நமக்கு இதே மாவட்டத்து மல்லச்சந்திரம் இருக்கிறது. பாறைமேல் பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பலகையில் மட்டும் வட்டமாகத் துளையிட்டிருக்கிறார்கள். இரும்புக்காலத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய வீடுகள், கல்திட்டைகள். கோயிலும் கல்திட்டையும் ஒன்றா என்று கேட்பார்கள். அளவில் ஒன்றல்லதான். ஆனால் மால்ட்டாக்காரர்கள் கல்லை மட்டும் காட்டுவதில்லை, தங்கள் சாப்பாட்டையும் சேர்த்தே காட்டுகிறார்கள். ஃப்திரா என்ற சாதாரணத் தட்டை ரொட்டி 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அரபு வேரில் இத்தாலியச் சொற்கள் கலந்த அவர்கள் பேச்சு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. கலப்பு இருப்பதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை.

மே 15

மயிலாடும்பாறையின் இரண்டு மாதிரிகளை வைத்து முடிவு கட்டலாமா? நியாயமான கேள்வி. 104 செ.மீ. ஆழத்தில் கி.மு. 1615, 130 செ.மீ. ஆழத்தில் கி.மு. 2172. ஆழம் கூடும்போது வயதும் கூடுகிறது, கணக்கு இடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் தோண்டத்தான் வேண்டும்.

மே 21

நமது ஃப்திரா களிதான். கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. மூன்று மொழிக்காரர்களும் ஓசூரின் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கீரைக் கடைசல் மூவருக்கும் பொது. ஏழைச் சாப்பாட்டைத் தேடி யார் வருவார்கள் என்பது வலுவான வாதமல்ல. ஃப்திராவும் உழைப்பாளிகள் கட்டிக்கொண்டு போன சாப்பாடுதான். மானாவாரி நிலத்துக்கு ஏற்ற தானியம் எது என்று கண்டுகொண்ட தலைமுறைகளின் அறிவு அந்த உருண்டையில் இருக்கிறது. அதை நாம் மறைத்து வைப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

மே 22

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

மே 30

கூட்டம் வந்தால் கல் நிலைக்குமா? இந்தப் பயம்தான் என்னை அதிகம் தடுக்கிறது. மால்ட்டாவின் நிலத்தடிக் கல்லறையான ஹைப்போஜியத்துக்குள் நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள்; ஹஜார் கிம் கோயிலுக்கு 2009-இல் பந்தல் போட்டுவிட்டார்கள். வழி இருக்கிறது. மல்லச்சந்திரத்துக்கு எது பொருந்தும் என்று இன்னும் பிடிபடவில்லை. அதுவரை, பெங்களூருக்குப் போகிறவர்கள் சாமல்பள்ளம் பக்கம் வண்டியை நிறுத்தி ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்லின்மேல் ஏறாதீர்கள், பேர் எழுதாதீர்கள்.