ஸ்ரீமுஷ்ணம் போறீங்களா? தூண்களைப் பார்க்காமல் திரும்பாதீங்க!

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமியைச் சேவிக்க வருகிறவர்களால் ஆண்டு முழுவதும் கலகலப்பாக இருக்கும் பேரூர் இது. பெருமாளைப் பார்த்து, தாயாரைப் பார்த்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்கள்தான் அதிகம். அந்த அவசரத்தில் அவர்கள் கடந்துபோவது, தமிழ்நாட்டில் நாயக்கர் காலம் விட்டுச்சென்ற மிக நுணுக்கமான கல் மண்டபங்களில் ஒன்றை!

மேற்கு பார்த்த பெருமாள்

கோயிலுக்கு அடையாளம் ஏழு நிலை ராஜகோபுரம். பெரும்பாலான கோயில்களில் கிழக்கு வாசல்தான் பிரதானம். இங்கே மூலவர் மேற்கு நோக்கி நிற்பதால், முதன்மை வாசலும் மேற்கே அமைந்திருக்கிறது. மாலையில் போனால் சாயும் வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும். சுதைச் சிற்பங்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம்.

மூலவர் சாளக்கிராமத் திருமேனி. ஆளுயரச் சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதலில் திகைப்பார்கள், உருவம் சிறியது. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, உடல் மேற்கு பார்க்க, முகத்தை மட்டும் தெற்கே திருப்பியபடி நிற்கிறார். இரண்யாட்சனை வென்று பூமியை மீட்ட வராகரின் பெருமிதம் அந்த நிற்பிலேயே தெரிகிறது. பெருமாளின் வியர்வையில் உண்டானதுதான் கோயிலின் நித்ய புஷ்கரணி தீர்த்தம் என்கிறது தலபுராணம். திருவரங்கம், திருமலை வரிசையில் சுயம்வியக்தத் தலங்கள் என்று போற்றப்படும் எட்டில் இதுவும் ஒன்று. ஆனால் ஆழ்வார்களின் பாசுரம் பெற்ற 108 திவ்ய தேசங்களில் சேரவில்லை.

அம்புஜவல்லித் தாயார் சந்நிதியைப் போலவே குழந்தையம்மன் சந்நிதியும் இங்கே பிரசித்தம். சப்த கன்னியர் அருளும் இந்தச் சந்நிதியில் குழந்தை வரம் வேண்டி வரும் தம்பதிகளைப் பார்க்கலாம். பன்றிக்குப் பிடித்தது கோரைக்கிழங்கு அல்லவா? அதில் செய்யும் முஸ்தா சூரணம்தான் வராகருக்கு நைவேத்தியம். வேறு கோயில்களில் எளிதில் கிடைக்காத பிரசாதம் இது.

பதினாறு தூண்கள்

இனி மண்டபத்துக்கு வருவோம். இதன் பெயர் புருஷ சூக்த மண்டபம். ரிக் வேதத்தில் உள்ள புருஷ சூக்தத்தில் 16 மந்திரங்கள். இந்த மண்டபத்தில் 16 தூண்கள். சோழர் காலத்திலேயே இருந்த கோயிலை விரிவுபடுத்தி இன்றைய தோற்றத்தைக் கொடுத்தவர்கள் நாயக்க மன்னர்கள். தஞ்சை அச்சுதப்ப நாயக்கரின் பெயர் இந்தத் திருப்பணியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் முதலில் கண்ணில் படும். அங்கேயே நின்றுவிடாமல் கொஞ்சம் உள்ளே போனால், கைகூப்பி நிற்கும் மனித உருவங்கள் தெரியும். இவை தெய்வங்கள் அல்ல. கோயிலைக் கட்டிய நாயக்க மன்னரும் அவருடைய சகோதரர்களும் என்கிறார்கள். ஆடையின் மடிப்பு, கழுத்து அணிகலன், கூப்பிய விரல்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். தலையை உயர்த்தினால் விதானத்திலும் வேலைப்பாடு.

கோயிலுக்குள் தன் உருவத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் விஜயநகர, நாயக்கர் காலத்தில் பரவலாக இருந்தது. திருமலையில் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவியரோடு செப்புச் சிலையாக நிற்கிறார். மதுரை புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் இருக்கிறார். ஸ்ரீமுஷ்ணத்திலும் அரசர் மேடையில் ஏறி அமரவில்லை. பக்தர்கள் நடந்துபோகும் வழியில், அவர்களைப் போலவே கும்பிட்டு நிற்கிறார்.

இந்தத் தூண்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தூணும் அதில் உள்ள உருவமும் ஒரே கல். தனியாகச் செய்து ஒட்டியவை அல்ல. அதனால் ஒரு விரல் உடைந்தால் உடைந்ததுதான். மாற்று விரல் வைக்க முடியாது. எண்ணெய் பிசுக்கும், மேலே பூசும் பெயின்டும் உளியின் நுணுக்கத்தை மூடிவிடும். கல்லைச் சுத்தம் செய்ய வேகமாக மணலை வீசி அடிக்கும் முறை சிற்பங்களின் மேற்பரப்பையே தேய்த்துவிடுகிறது என்பதால், கோயில்களில் அதைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது.

பக்கத்து ஊர் கற்றுத்தந்த பாடம்

சிற்பங்களை நின்று பார்ப்பதும் பதிவு செய்வதும் எவ்வளவு முக்கியம் என்பதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம், விருத்தாசலம் போதும்.

அங்குள்ள விருத்தகிரீஸ்வரர் கோயில், செம்பியன் மாதேவியின் திருப்பணி பெற்ற சோழர் காலக் கோயில். அதன் சுவரில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் சிலை, கடத்தல்காரர்கள் கைக்குப் போய், 2004-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. விற்றவர், பின்னாளில் சிலைக் கடத்தல் வழக்கில் கைதான நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர்.

அது விருத்தாசலத்துச் சிலைதான் என்று நிரூபிக்க உதவியது பழைய புகைப்படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் தமிழகக் கோயில்களைப் படமெடுத்துப் பாதுகாத்து வருகிறது. 1974-ல் எடுத்த படத்தில் அர்த்தநாரீஸ்வரர் கோயில் சுவரிலேயே இருந்தார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபாட் டெல்லி வந்தபோது, ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்தச் சிலையையும் இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

அந்தப் படம் இல்லாமல் போயிருந்தால், உரிமை கோருவது மிகக் கடினமாகியிருக்கும். அதனால்தான் ஸ்ரீமுஷ்ணத்தின் 16 தூண்களிலும் என்னென்ன இருக்கின்றன என்பது அந்த ஊர்க்காரர்களுக்கும், வருகிறவர்களுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலுக்குப் போகும் சுவாமி

மாசி மகத்தையொட்டிப் போக முடிந்தால் இன்னொரு காட்சி காத்திருக்கிறது. பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகச் சிதம்பரம் அருகே உள்ள கிள்ளை கடற்கரைக்கு எழுந்தருளுவார். வழியில் கிள்ளையில் இஸ்லாமியர்கள் சுவாமியை வரவேற்றுப் பட்டு சாத்துவார்கள். கோயில் தரப்பில் அவர்களுக்குப் பதில் மரியாதை செய்யப்படும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம் இது.

ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில் இருக்கிறது விருத்தாசலம் ஜங்ஷன். அங்கே இறங்கி பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணம் வரலாம். சிதம்பரத்திலிருந்து வந்தால் சுமார் 40 கி.மீ. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. தரிசனத்துக்கு ஆகும் நேரம் போக, மண்டபத்துக்கென்று அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மாலையில் விருத்தாசலம் திரும்பி விருத்தகிரீஸ்வரரையும், படியிறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரையும் தரிசிக்கலாம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அகல் விளக்கு, பொம்மை என்று ஏதாவது வாங்கிவரலாம்.

செல்போனில் படமெடுக்க அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றாலும் கவலையில்லை. பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஆளுக்கு ஒரு தூணை வரையச் சொல்லுங்கள். குதிரையின் கடிவாளத்தையும், கைகூப்பிய விரல்களையும் எண்ணி வரைந்த குழந்தை அந்தத் தூணை லேசில் மறக்காது.