மணமேல்குடிக் கடலில் ஒரு தாய்

லீவு விட்டால் "கடல் பார்க்கணும்" என்று பிள்ளைகள் நச்சரிப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். புதுக்கோட்டையில் இருக்கும் எங்களுக்கு அது சுலபம். அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் பஸ் ஏறினால் போதும்.

பாக் விரிகுடாவில் மெரினா மாதிரி அலை கிடையாது. ஆழமும் இல்லை. குளம் போலக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்ததும் என் மகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டோங்கா தீவுக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலம் குட்டியோடு துள்ளுவதை டி.வி.யில் பார்த்தவள் ஆயிற்றே! "இங்கே திமிங்கிலம் வராதாம்மா?" என்றாள்.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தார். "திமிங்கிலம் எதுக்கு தாயி? எங்க கடல்ல ஆவுளியா இருக்கு!"

ஆவுளியா என்பது கடல் பசு. சுமார் மூன்று மீட்டர் நீளம், முந்நூறு நானூறு கிலோ கனம். ஆனால் சுத்த சைவம்! கடலடியில் வளரும் புல்லைத்தான் மேயும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. கரையில் பழுப்பு நாடா மாதிரி ஒதுங்கிக் கிடந்ததே, அந்தப் புல்தான். பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள நிஜமான புல்.

கர்ப்பம் ஒரு வருஷத்துக்கும் மேல். ஒரே குட்டி. முன்துடுப்பின் அக்குளில் இருக்கும் காம்பில் ஒன்றரை வருஷம் வரை பால் குடிக்கும். அடுத்த குட்டி பிறக்க மூன்று முதல் ஏழு வருஷம் ஆகும். இழப்பை ஈடுகட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்!

கூன்முதுகுத் திமிங்கிலத் தாய் தென்துருவக் கடலில் வயிறாரத் தின்றுவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் நீந்தி வெதுவெதுப்பான தீவுக் கடலில் குட்டி போடுகிறாள். அங்கே அநேகமாகப் பட்டினியாகவே பாலூட்டுகிறாள். பிறகு திரும்பிப் போய்த் தின்றுகொள்ளலாம். நம் ஆவுளியாவுக்கு அந்த வசதி இல்லை. சாப்பாடு, பிரசவம், வளர்ப்பு எல்லாம் இந்தப் புல்வெளியை நம்பித்தான். இழுவை வலை புல்லை வேரோடு அரித்துவிட்டால் எங்கே போகும்?

ஒரு காலத்தில் கறிக்காகவே பிடித்தார்கள். 1972 சட்டம் அதைத் தடுக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. நாடு முழுக்க இருப்பது சுமார் 240தானாம்.

பெரிய ஆபத்து வலைதான். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிப் போகும்.

"அறுத்துதான் விடணும்க்கா. வலை போச்சு, அன்னிக்குப் பாடும் போச்சு" என்றார் அந்த அம்மாள். விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுப் பணம் தருகிறது. "பணம் கெடக்கட்டும். குட்டி பக்கத்துலயே நீந்திக்கிட்டு நிக்குமாம். பாத்துட்டு எப்படிக்கா விடாம வர்றது?"

திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகில் கூட்டிப் போகிறார்கள். இங்கே அப்படி ஆவுளியாவைத் தேடிப் போக முடியாது. கூச்சப் பிராணி, படகுச் சத்தம் கேட்டால் மிரண்டு விலகிவிடும். என்னைக் கேட்டால், அதை அதன் போக்கில் விடுவதே நல்லது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. குடிதண்ணீரும் ஒரு தூக்கு புளியோதரையும் மறக்காதீர்கள்.